கயிற்றை இழுப்பது யார்?



சென்ற ஆண்டு நமது கல்வி உதவி விண்ணப்பத்தில் தந்தையின் கையெழுத்து கட்டாயம் என்று குழுவில் முடிவு செய்தோம். தந்தை விட்டுப் பிரிந்துபோன மூன்று வீட்டுப் பிள்ளைகள் அதனாலேயே விண்ணப்பிக்கவில்லை. வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்த சகோதரிக்கு அந்த வீடுகளின் நிலை முன்பே தெரியும். கூட்டத்திலும் அவர் இருந்தார். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "பெரியவங்க எல்லாரும் பேசி முடிச்சுட்டீங்க. அதுக்கு மேல நான் என்ன பாய் சொல்றது?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் கூட்டம் நடக்கும் முறை அப்படி.

ஒரு நிறுவனத்தின் முடிவுகளையும் புது யோசனைகளையும் அங்கிருப்பவர்களின் அறிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் முதலில் பேசலாம், குறை சொன்னவரை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்ற வழக்கத்துக்கும் அதில் பங்குண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் ஃப்ரீமாண்ட் நகரிலிருந்த ஒரு கார் தொழிற்சாலையில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள்.

முதலில் அதை ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தியது. என்ன ஆனாலும் உற்பத்தி வரிசை நிற்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஒரு பாகம் தவறாகப் பொருத்தப்பட்டது கண்ணில் பட்டாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் ஓரமாக நிறுத்திச் சரிசெய்வார்கள். நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் ஓயாத பகை. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்களும் உண்டு. 1982-ல் மூடிவிட்டார்கள்.

1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகச் சேர்ந்து அதே இடத்தைத் திறந்தன. நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுக்கு. வேலையாட்கள் பெரும்பாலும் பழையவர்களே, தொழிற்சங்கமும் பழையதே. அவர்களில் நூற்றுக்கணக்கானோர் பயிற்சிக்காக ஜப்பான் போய் வந்தார்கள்.

வேலை செய்யும் இடத்தை ஒட்டி ஒரு கயிறு ஓடும். கோளாறு கண்டவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும், குழுத் தலைவர் வருவார். வந்து திட்டமாட்டார், என்ன சிக்கல் என்று கேட்டுக் கைகொடுப்பார். வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால்தான் வரிசை நிற்கும். வேலையை எப்படிச் சுலபமாக்கலாம் என்று அதைச் செய்பவரிடமே யோசனை கேட்டார்கள். வேலைக்கு வராதோர் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேராகக் குறைந்தனர்.

இதன் மூலம் ஒரு தறி. டொயோட்டா குடும்பத்தின் மூத்தவர் சகிச்சி டொயோடா 1924-ல் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். தறி பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானியர்களுக்கு ஒற்றுமை ரத்தத்திலேயே ஊறியது என்று சிலர் சொல்வார்கள். அப்படியும் இல்லை. 1950-ல் ஆட்குறைப்பை எதிர்த்து டொயோட்டாவிலேயே பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தலைவர் கிச்சிரோ டொயோடா பதவி விலக நேர்ந்தது. தொழிலாளர்களிடம் யோசனை பெறும் திட்டம் அங்கே தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையை அந்த மாநிலத்தின் வான் நைஸ் பகுதியிலிருந்த தனது இன்னொரு தொழிற்சாலையிலும் கொண்டுவரப் பார்த்தது. கயிறு கட்டியாயிற்று. ஆனால் அதை இழுப்பது மேற்பார்வையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. எத்தனை வண்டி வெளியே போனது என்பதே அவர்களுக்குக் கணக்கு. தொழிலாளர்களும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். 1992-ல் அது மூடப்பட்டது.

நம் அலுவலக வாசலிலும் ஓர் ஆலோசனைப் பெட்டி தொங்குகிறது. அதன் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது!

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாத மஷூராவில் வீடுகளுக்குச் சென்று வந்த சகோதரிகள் முதலில் பேசுவார்கள். பெரியவர்கள் அதற்குப் பிறகு, செயலாளர் கடைசியில். விண்ணப்பத்தில் தாயின் கையெழுத்தே போதும் என்று மாற்றவும் அன்று முன்மொழியப் போகிறேன். அந்த மூன்று பிள்ளைகளின் படிவங்களையும் அந்தச் சகோதரியே வாங்கி வந்து என் மேஜையில் வைத்திருக்கிறார்.