உங்களுக்குத் தெரியுமா? பாசி தந்த ஔஷதம்

பாரிஸ் நகரில் வெடியுப்புத் தயாரித்துவந்த பெர்னார் குர்துவா, 1811-ஆம் வருஷம், கடற்பாசிச் சாம்பலின் காரநீரில் கந்தகத் திராவகத்தைச் சற்று மிகையாகச் சேர்த்துவிட, எழுந்த ஊதா ஆவி குளிர்ந்து கரும்படிகங்களாகப் படிந்ததே அயோடின் என்பதும், 1820-இல் ஜெனீவா வைத்தியர் குவாந்தே அதனைக் கழுத்துக் கழலைக்கு ஔஷதமாக வழங்கினார் என்பதும் ரசாயன சாஸ்திரம் பயின்றோர் அறிந்த சரித்திரம். ஆனால், அணுவளவு வஸ்துவுக்காகப் பாசி முழுவதையும் எரித்துவிடுவது எத்தனை பெரிய விரயம்!

இந்த விரயத்தைச் சகியாத ஆங்கிலேய ரசாயனி எட்வர்டு ஸ்டான்ஃபோர்டு, பழுப்புநிறப் பாசியை எரிக்காமல் சலவைச்சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, கரைந்துவந்த கூழை வடிகட்டி, அதில் அமிலம் சேர்த்து, ஆல்ஜினிக் அமிலத்தைப் பிரித்தெடுக்கும் முறையை 1881-இல் வகுத்தளித்தார். இன்றைய ஆலைகளிலும் அடிப்படைக் கிரமம் ஏறக்குறைய அதுவே. அந்த அமிலத்தின் உப்பைச் சமையல்சோடாவுடன் சேர்த்து உட்கொண்டால், இரைப்பையின் புளிப்பில் உறைந்து, உண்ட உணவின்மீது தெப்பம்போல் மிதந்து, புளிப்புநீர் மேலேறி நெஞ்சைக் கரிக்காதவாறு தடுக்கிறது. கால்சியம் சேர்த்து இழையாக்கினாலோ, புண்ணில் கசியும் நீரை உறிஞ்சும் மருத்துவக் கட்டாகிறது. நம் மன்னார் வளைகுடாக் கரையில் சேகரிக்கப்படும் கட்டக்கோரைப் பாசியும் ஆல்ஜினிக் அமிலம் பிரித்தெடுக்கப் பயன்படுகிறது.

பாசியில் அயோடின் மிகுதியாதலால், தைராய்டுக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் பாசி மாத்திரைகளை உட்கொள்ள வேண்டாம்.