யாரு பேசுதது?

பூதப்பாண்டியில் கல்யாணச் சமையல் எடுக்கும் தவசுப்பிள்ளைக்கு, ஆவணி பிறந்தால் தெரியாத எண்களிலிருந்துதான் அழைப்பு வரும். அறிமுகமான எண்ணை மட்டும்தான் எடுப்பேன் என்றால் அவர் அடுப்பு மூட்ட வேண்டியதே இல்லை. வெளிநாட்டு எண்களை மொத்தமாகத் தடுத்துவிடு என்ற யோசனையும் இங்கே செல்லாது. தங்கை கல்யாணத்துக்குச் சமையல் பேச மஸ்கட்டிலிருந்து அண்ணன் அழைத்தால், எண் 968 என்றுதான் தொடங்கும்.

போன் மணி அடிக்கும் முன், அழைப்பவரின் நெட்வொர்க் நம் நெட்வொர்க்குக்கு ஒரு சிறு தகவல் அனுப்புகிறது. அதில் எண் உண்டு, பெயர் கிடையாது. அந்த எண்ணும் தபால் உறையில் எழுதிய அனுப்புநர் முகவரி மாதிரிதான். எழுதியவரை நம்பி வாங்கிக்கொள்கிறோம். அந்த நம்பிக்கைதான் ஓட்டை. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியே வரும் அழைப்பில் 91 என்று தொடங்கும் பொய் எண்ணை ஒட்டிவிடலாம். 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை இதற்கு வலை விரித்தது. முதல் 24 மணி நேரத்தில் சிக்கிய அழைப்புகள் 1.35 கோடி.

ட்ரூகாலர் செயலி காட்டும் பெயர் பயனர்களிடமிருந்து திரட்டியது. யாரோ கோபத்தில் வைத்த பட்டப்பெயர்கூட அதில் வரலாம். சிம் வாங்கியபோது கொடுத்த பெயரையே திரையில் காட்டலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. நல்ல யோசனைதான். ஆனால் நம்மூரில் சிம் அப்பா பெயரில் இருக்கும், பேசுவது மகளாக இருப்பாள்.

ஆகவே எண்ணின் முகப்பைப் பாருங்கள். 140 என்று தொடங்கினால் விற்பனை விளம்பரம், விட்டுவிடலாம். 1600 வரிசை வங்கிகளுக்கும் அரசுக்கும் ஒதுக்கியது. சாதாரணப் பத்து இலக்க எண்ணை எடுத்தே ஆகவேண்டும். எடுத்ததும் கடைப் பெயரைச் சொல்லிவிட்டு, அவரைப் பேசவிடுங்கள். நிஜமான வாடிக்கையாளர் தேதி, மண்டபம், எத்தனை இலை என்பதையெல்லாம் சொல்லி, விலையிலும் பேரம் பேசுவார். பேரமே பேசாமல் பெரிய ஆர்டர் கொடுத்து, முன்பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்பவரிடம்தான் உஷார் வேண்டும். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி இப்படிப் பல ஊர்க் கடைக்காரர்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

கரண்டி பிடித்த கையோடு போனை எடுக்க முடியாதுதான். வாட்ஸ்அப் பிசினஸில் வரும் செய்திகளுக்குத் தானாகப் போகும் பதிலை எழுதி வைத்துவிட்டு, தவறிய அழைப்புகளை அன்றைக்கே திரும்பக் கூப்பிடுங்கள்; மறுநாள் அந்தக் கல்யாணம் வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.

அந்த கியூஆர் கோடு விஷயத்தில் ஒன்று: யூபிஐயில் பணம் பெற ரகசிய எண் (PIN) தேவையே இல்லை. யார் கேட்டாலும் போடாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.