சொப்பனாவத்தையும் உறக்க நலமும்

கனவை வெறும் பொய்யென்று தள்ளுவாரும், வருவதுரைக்கும் நிமித்தமென்று அஞ்சுவாரும் என இருதிறத்தார் உலகில் உளர். முன்னவர் அதனால் அறியப்படும் உண்மையை இழப்பர்; பின்னவர் தீக்கனவொன்று கண்ட துணையானே பலநாள் உறக்கமிழந்து மெலிவர். இவ்விரு கொள்கையும் பொருந்தாமை, ஆன்மாவின் அவத்தைகளைச் சித்தாந்த நூல்கள் வகுத்துரைக்கும் முறையை நோக்கின் இனிது விளங்கும்.

பெத்த நிலையில் ஆன்மா கருவிகளோடு கூடியன்றி அறியமாட்டாது. அக்கருவிகளின் கூடுதலும் குறைதலும் பற்றியே சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்னும் ஐந்தவத்தைகள் நிகழ்கின்றன. புருவநடுவில் நிகழும் சாக்கிரத்தில் ஞானேந்திரியம் 5, கன்மேந்திரியம் 5, சத்தாதி 5, வசனாதி 5, வாயு 10, அந்தக்கரணம் 4, புருடன் 1 ஆக 35 கருவிகள் உள. கண்டத்தானத்தில் நிகழும் சொப்பனத்தில், இருவகை இந்திரியங்கள் பத்தும் நீங்க 25 எஞ்சும். இதயத்தானத்தில் நிகழும் சுழுத்தியிற் சித்தம், பிராணவாயு, புருடன் என்னும் மூன்றே நிற்கும்.

ஈண்டு உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. சொப்பனத்தில் இந்திரியம் பத்தும் நீங்கவும், சத்தாதியும் வசனாதியும் நீங்கவில்லை. ஆதலின் செவி கேளாதிருக்க ஓசை தோன்றுகின்றது. கால் நடவாதிருக்க நடை நிகழ்கின்றது. ஐம்புலனும் ஒடுங்கிய பொழுதும் இங்ஙனம் அறிவு நிகழ்தலை ஓர் ஏதுவாகக் கொண்டே, பொறிகளின் வேறாய் ஆன்மா உண்டென்பது சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் நிறுவப்பட்டது.

இனி, மேனாட்டார் ஆராய்ச்சியையும் இதனோடு வைத்து நோக்கலாம். 1953-ஆம் ஆண்டிற் சிகாகோ சர்வகலாசாலையைச் சார்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் கண்கள் மூடிய இமையின்கீழ் விரைந்தசையும் காலம் ஒன்றுண்டென்றும், அப்பொழுது எழுப்பப்பட்டவருட் பெரும்பாலார் கனவு கண்டமை கூறினர் என்றும் வெளியிட்டனர். அக்காலம் ஏறக்குறைய 90 நிமிடத்திற்கொருமுறை மீண்டு வரும். விடியலை நெருங்குந்தோறும் நீளும். வளர்ந்தோரது உறக்கத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்காகும். அப்பொழுது மூளை விழிப்பிற்போலத் தொழில் செய்ய, கைகால்களின் தசைகள் தளர்ந்து அசைவற்றுக் கிடக்கும். அவ்வசைவின்மை தவறுங்கால், உறங்குவோர் கனவிற் பொருவதற்கேற்பக் கையோச்சி உதைத்து அருகிருப்பாரைத் துன்புறுத்துவர். இஃது ஒரு நோயென்பது 1986-இல் மருத்துவர்களால் விளக்கப்பட்டது. இத்தகையாரைப் பேய் பிடித்தாரெனக் கொண்டு வருத்தாது மருத்துவரிடம் காட்டுதலே கடன்.

அற்றேல், நூன்முடிபு ஆராய்ச்சியான் மெய்ப்பிக்கப்பட்டதெனக் கொள்ளலாமோவெனின், கொள்ளற்க. நூல் கூறும் இந்திரியம் கண் செவி முதலிய உறுப்பன்று. அவ்வுறுப்பை இடமாகக் கொண்டு நிற்கும் சூக்குமக் கருவி. ஆராய்ச்சி காண்பது உறுப்பின் தொழிலையே. இரண்டும் ஓரளவு ஒத்து நிற்றல் காணப்படும் அத்துணையே அமையும்.

கனவு வெறும் பொய்யன்றென்பது மற்றொன்றாலும் பெறப்படும். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதாரது கனவிற் பெரும்பாலும் ஓசை, ஊறு, நாற்றம் முதலியனவே நிகழ்கின்றன. நனவில் நுகர்ந்ததன் வாசனையே கனவிற்கு முதலென்பது இதனாற் புலனாம். அச்சமும் துயரும் காய்ச்சலும் உற்ற காலத்துத் தீக்கனவு மிகுதலும் இதுபற்றியே. ஆகவே தீக்கனவு, வருங்கேட்டிற்குத் தூதன்று. பெரும்பாலும் கழிந்த பகலின் சுவடேயாம்.

பூசலார் நாயனார் வரலாற்றில் இறைவன் காடவர்கோன் கனவில் எழுந்தருளிப் பணித்தமை சேக்கிழாரால் உரைக்கப்பட்டதே. கனவெல்லாம் குறியாகாவோ எனின், ஆகா. ஆண்டுக் காரணம் கனவன்று, அருள். அரசன் கனவிற்குப் பொருள் தேடித் திரிந்தானல்லன்; திருநின்றவூர் சென்று அன்பரை வணங்கினான். அதனைக் காட்டி, கனவுநூல் விற்பார் கூறும் பலன்களை நம்புதல் ஏலாது.

இனி உறக்கத்தைப் பேணுமாறு. ஆழ்ந்த உறக்கமும் கனவுறக்கமும் ஆகிய இரண்டும் உடலுக்கு வேண்டப்படுவன. வளர்ந்தோர்க்கு நாடோறும் 7 மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும். கள் முதலியன உறக்கம் தருவனபோலத் தோன்றி, முன்னிரவிற் கனவுறக்கத்தைக் குறைத்துப் பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும். படுக்கும் பொழுதும் எழும் பொழுதும் நாடோறும் ஒருபடித்தாதல் நலம். தீக்கனவு பலகாலும் வந்து வருத்துமாயின், அதற்கும் மருத்துவம் உண்டு. நாணி மறைக்க வேண்டுவதில்லை.

உறக்கத்தைச் சோம்பலென்று இகழ்ந்து இரவெல்லாம் விழித்தலைத் தவமென்று கருதுவாரும் உளர். சிவராத்திரி முதலிய விரத நாள்களில் விழித்தல் விதிக்கப்பட்டது. நாடோறும் உறக்கம் கெடுத்தல் விதிக்கப்பட்டதன்று. உறக்கமிழந்தான் அந்தக்கரணம் கலங்கும். கலங்கிய கருவியால் ஓதலும் சிந்தித்தலும் செவ்வனே நிகழா. தனுகரணங்கள் ஆன்மா அறிந்து உய்தற்பொருட்டு இறைவனால் தரப்பட்டவை. அவை உறக்கத்தால் ஓய்ந்து மீளுதலும் அத்தரப்பட்ட முறையின் பாற்பட்டதே. ஆதலின் திருவைந்தெழுத்தை நினைந்து துயிலச் செல்வோன், அன்றிரவு காணுங் கனவு யாதாயினும் அதற்கு அஞ்சற்பாலனல்லன்.