பிரேக் இல்லாத வண்டியை ஓட்டப் பழகுவோம்

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2020 மே மாதம் ஒரு சிறிய விளையாட்டை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. க்ரூ டிராகன் விண்கலத்தைச் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசர் போதும். 'ஐஎஸ்எஸ் டாக்கிங் சிமுலேட்டர்' என்று தேடினால் கிடைக்கும். அதே மாதக் கடைசியில் விண்வெளி வீரர்கள் டக் ஹர்லியும் பாப் பென்கனும் நிஜக் கலத்தில் பயன்படுத்திய திரையின் அமைப்பையே இதிலும் வைத்திருக்கிறார்கள். போனிலும் ஆடலாம் என்றாலும் கீபோர்டு உள்ள கணினியே வசதி.

முதல் ஆட்டத்தில் பெரும்பாலோர் தோற்பார்கள். நம் கை தரையில் பழகிய கை என்பதுதான் காரணம். பவுடர் போட்ட கேரம் பலகையில்கூடக் காய் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடும். விண்வெளியில் உராய்வே இல்லை. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சிறு உந்துபொறி கலத்தைத் தள்ளிவிடும். கையை எடுத்தாலும் கலம் போய்க்கொண்டே இருக்கும். மூன்று முறை இடப்பக்கம் தள்ளினால், நிறுத்துவதற்கு மூன்று முறை வலப்பக்கம் தள்ளியாக வேண்டும். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் பாதி ஆட்டம் கைவந்த மாதிரி.

திரையின் இடப்பக்க வட்டம் கலத்தை நகர்த்துவதற்கு, வலப்பக்க வட்டம் திருப்புவதற்கு. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும், ஒரு தட்டுக்குப் பெரிய தள்ளலா சிறிய தள்ளலா என்று மாற்றும் பொத்தான் இருக்கும். பச்சை எண்கள் இன்னும் எவ்வளவு சரிசெய்ய வேண்டும் என்று காட்டும். நீல எண்கள் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காட்டும். புதியவர்கள் பச்சையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது பூஜ்யத்தைத் தொட்ட பிறகு எதிர்ப்பக்கம் அழுத்தினால் கலம் தாண்டிப் போயிருக்கும். என்னைக் கேட்டால் நீலத்தின் மேல்தான் கண் இருக்க வேண்டும்.

முதலில் கலத்தின் சாய்வையும் திசையையும் நேராக்குங்கள். சாய்ந்த கலத்தில் 'மேலே' என்று அழுத்தினால் அது கலத்தின் மேல்பக்கம் நோக்கிப் போகுமே தவிர நிலையத்தின் மேல்பக்கம் நோக்கிப் போகாது. அதன் பிறகு பக்கவாட்டு, மேல்கீழ் விலகல்களைச் சரிசெய்யுங்கள். முன்னே செலுத்துவது கடைசி வேலை. தொடக்கத் தூரம் சுமார் 200 மீட்டர். தூரத்தில் கொஞ்சம் வேகம் கூட்டலாம். கடைசி 5 மீட்டரில் வினாடிக்கு 0.2 மீட்டருக்கு மேல் கூடாது. அந்த வேகத்தில் 5 மீட்டரைக் கடக்க 25 வினாடி ஆகும். பொறுமை போய்விடும்தான். ஆனால் தொடும்போது எல்லாப் பச்சை எண்களும் 0.2க்குள் இருந்தால்தான் இணைப்பு வெற்றி.

இந்தக் கண்டிப்பு விளையாட்டுக்காக வைத்ததல்ல. 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில், புரோகிரஸ் சரக்குக் கலத்தைக் கையால் இயக்கி இணைத்துப் பார்க்கும் சோதனை நடந்தது. வேகத்தை நேரத்தில் குறைக்க முடியாமல் கலம் ஸ்பெக்டர் என்ற பகுதியில் மோத, ஓட்டை விழுந்து காற்று கசிந்தது. அந்தப் பகுதியை மூடித்தான் உள்ளே இருந்த மூவரும் நிலையத்தைக் காப்பாற்றினார்கள். ஆகவே நெருங்கும்போது சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் பின்வாங்குங்கள். இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்களும் 2025 ஜனவரியில் 3 மீட்டர் வரை நெருங்கி, பின்வாங்கி, பிறகே 16ஆம் தேதி இணைந்தன.

ஒன்றை மட்டும் இந்த விளையாட்டு மறைத்துவிடுகிறது: சுற்றுப்பாதை. நிஜத்தில் முன்னே தள்ளினால் பாதை உயர்ந்து, கலம் சற்று நேரத்தில் பின்தங்கிவிடும். 1965இல் ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட், ஏவூர்தியின் கழன்ற பகுதியை நெருங்க முயன்று முடியாமல் போனது இதனால்தான். அதையும் பழக ஆசை இருந்தால் 'ஆர்பிட்டர்' என்ற இலவச சிமுலேட்டர் இருக்கிறது. அது பிரவுசரில் ஓடாது, விண்டோஸ் கணினியில் நிறுவ வேண்டும். அதன் கையேட்டைப் படிக்காமல் தொடங்காதீர்கள்.