அந்த ரோஸ் மெழுகுதிரி யாருக்கு?

இன்னைக்கு ஒரு வாய்ஸ் மெசேஜிலிருந்து ஆரம்பிக்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை பார்த்த ஒரு தம்பி அனுப்பியது. நவம்பரோட வேலை போயிருச்சு. "அண்ணா, மூணாவது ஞாயிறு சர்ச்ல ரோஸ் மெழுகுதிரி ஏத்தி, எல்லாரும் மகிழ்ச்சியா இருங்கன்னு சொல்வாங்க. எனக்கு எரிச்சல்தான் வருது. நான் போகணுமா?"

நியாயமான கேள்வி. முதல்ல அந்த ஞாயிறு என்னன்னு பார்த்துடலாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளோட ஓடுவது திருவருகைக் காலம். சி.எஸ்.ஐ. பக்கம் அட்வெந்துன்னு சொல்வாங்க. மால்ல நவம்பரிலேயே கிறிஸ்துமஸ் பாட்டு ஓட ஆரம்பிச்சிரும். கத்தோலிக்க சர்ச்சுக்குள்ள கதையே வேற. ஃபாதர் உடுத்துவது ஊதா, அதாவது தவக்காலத்தோட நிறம். ஞாயிறு பூசையில் வானவர் கீதம் கிடையாது. ஒரு காலத்தில் இது நோன்புக் காலமாகவே இருந்தது. நான் இருக்கிற திருவாலங்காட்டில் இந்த நாட்கள்லதான் மார்கழி பிறக்கும். விடியறதுக்கு முன்னாடியே ஸ்பீக்கர் நம்மை எழுப்பி விட்டுரும். விழிச்சுக் காத்திருக்கிற மாசம் என்பது எங்க ஊர்க் காதுக்குப் புதுசு இல்ல.

அந்த ஊதாவுக்கு நடுவுல மூணாவது ஞாயிறு மட்டும் ரோஸ். பேரு கௌதேத்தே ஞாயிறு. லத்தீன்ல 'மகிழுங்கள்'னு அர்த்தம். அன்றைய பூசையின் வருகைப் பல்லவி அந்தச் சொல்லில்தான் தொடங்குது. பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய கடிதத்திலிருந்து எடுத்தது.

இங்க கொஞ்சம் நிக்கணும். அந்தக் கடிதத்தைப் பவுல் எழுதினது சிறையிலிருந்து. பிழைப்போமா, சாவோமா என்று அதே கடிதத்திலேயே அவர் யோசிக்கிறார். 'மகிழுங்கள்' என்று சொன்னவர், எல்லாம் செட்டிலாகி சோபாவில் உட்கார்ந்திருந்த ஆள் இல்லை.

இன்னொரு கைதியும் இருக்கார். ஞாயிறு நற்செய்தி வாசகங்கள் மூணு வருஷச் சுழற்சியில் வரும். மத்தேயு வாசிக்கிற வருஷத்தில், இந்த ஞாயிறன்னைக்கு வர்றது திருமுழுக்கு யோவான். ஏரோது அவரைச் சிறையில் போட்டிருக்கான். அங்கிருந்து இயேசுகிட்ட ஆளனுப்பி, வர வேண்டியவர் நீர்தானா, இல்ல வேறொருத்தருக்காகக் காத்திருக்கணுமான்னு கேக்கிறார். ஊரையே தயார் பண்ணினவருக்கே சந்தேகம்! இயேசு கோபப்படலை. பார்வை இல்லாதவங்க பார்க்கிறாங்க, ஏழைகளுக்கு நல்ல செய்தி போய்ச் சேருது, நீங்க கண்டதைப் போய்ச் சொல்லுங்கன்னு அனுப்புறார். யோவான் கடைசிவரை விடுதலை ஆகலை. சிறையிலேயே கொல்லப்பட்டார். சந்தோஷ ஞாயிறுக்கு இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தவங்களுக்கு வாழ்க்கை தெரிஞ்சிருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

அதனால, தம்பி, போ. சிரிச்ச முகத்தோட போகணும்னு அவசியமில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உன் எரிச்சலையே ஜெபமா வை. யோவான் அனுப்பினதும் ஒரு கேள்வியைத்தான். நம்ம நிலைமை சரியான பிறகுதான் கடவுள் வருவார்னு இந்தக் காலம் எங்கேயும் சொல்லலை. இருட்டு இருக்கும்போதே கிளம்பிட்டார் என்பதுதான் அந்த ரோஸ் நிறத்தோட சேதி.

2023-ஐ நினைச்சுப் பாருங்க. டிசம்பர் 3, திருவருகைக் கால முதல் ஞாயிறு. அன்னைக்கு ராத்திரியும் மறுநாளும் மிக்ஜாம் மழை. எங்க பக்கம் ஓடுகிற கொசஸ்தலை ஆறு கடலில் சேர்வது எண்ணூர்ல. அங்க வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து, மீனவர்கள் படகையும் வலையையும் நாசமாக்கிச்சு. அவங்களே இறங்கி எண்ணெயைக் கையால அள்ளினாங்க. டிசம்பர் 17-ல் ரோஸ் மெழுகுதிரி வந்தப்போ அந்த வேலை இன்னும் முடியலை.

சரி, வேலை இருக்கிறவங்களுக்கு? லூக்கா வாசிக்கிற வருஷத்தில், இதே மகிழ்ச்சி ஞாயிறன்னைக்கு, நாங்க என்ன செய்யணும்னு மக்கள் யோவானைக் கேக்கிறாங்க. பாட்டுப் பாடுங்க, ஸ்டார் கட்டுங்கன்னு அவர் சொல்லலை. ரெண்டு அங்கி இருந்தா ஒண்ணை இல்லாதவனுக்குக் கொடு. வரி வசூலிக்கிறவன் விதிச்சதுக்கு மேல வாங்காதே. படைவீரன் யாரையும் மிரட்டிக் காசு பறிக்காதே, உன் சம்பளத்தோட நிறுத்திக்கோ. எல்லாமே துணி, பணம், கூலி பத்தின பேச்சு. எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும், ஏன்னா இதுல தப்பிக்க வழியே இல்லை.

உங்க பங்கில் இந்த டிசம்பர்ல வேலையிழந்தவங்க யாராவது இருப்பாங்க. கேக் டப்பாவோட போய் நிக்கிறதுக்கு முன்னாடி அவங்க பயோடேட்டாவை வாங்கி உங்க கம்பெனி எச்.ஆர்.கிட்ட கொடுங்க. சூப்பர்வைசரா இருக்கீங்களா? கான்ட்ராக்ட் ஆட்களோட ஓவர்டைம் காசு கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கைக்குப் போகுதான்னு பாருங்க. நாலாவது மெழுகுதிரிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு.