தட்டு போனால் போகட்டும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மரக்காணம் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். தை பிறந்து வெயில் ஏறினால்தான் மறுபடி பாத்தி மிதிப்பார்கள். அதுவரை கிழக்குக் கடற்கரைச் சாலை டீக்கடை பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம். அப்படி ஒரு மழை நாளில், உப்பளத்தில் கணக்கு எழுதும் அண்ணன் ஒருவர் மஞ்சப்பையிலிருந்து பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது.

“தம்பி, ஆன் ஆவுது. ஆனா கருப்பா நின்னுடுது. கடையில கேட்டா ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிக்கணும், சிடி இருந்தா கொண்டாங்கறான்.”

“சிடி இருக்கா அண்ணே?”

“தர்பூசணிக் கொல்லையில காக்கா வெரட்ட பையன் கயித்துல கட்டி வுட்டுட்டான்.”

இரண்டு டீ சொன்னேன். இது ஒரு டீயில் முடிகிற சமாச்சாரம் இல்லை.

தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியது 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில். முதல் தவணையில் வந்தவற்றில் இரண்டு இயங்குதளங்கள், அதாவது ஓஎஸ், இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், வால்பேப்பரைக்கூட மாற்ற விடாத சிக்கனப் பதிப்பு. மற்றொன்று பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அண்ணன் கையில் இருந்தது அந்த முதல் தவணை ரகம். கொல்லையில் தொங்கும் தட்டு, வாங்கின புதிதில் யாரோ தெரிந்தவர் எழுதிக் கொடுத்த சிடியாம்.

அதை அவிழ்த்து வந்தாலும் பிரயோசனமில்லை என்றேன். வீட்டில் எழுதும் தட்டில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். சிடியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலமோ லேபிள் ஒட்டும் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அடிப்பக்கத்துக் கீறலைவிட லேபிள் பக்கத்துக் கீறல்தான் ஆபத்து. பழைய சிடி இருந்தால் வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தினது போல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே படலம் போய்விட்டது. ஜன்னல் கம்பியையே அரிக்கிற உப்புக் காற்று இதை விட்டுவைக்குமா?

“அப்ப புது சிடி எங்க வாங்கறது?”

“வாங்க வேணாம் அண்ணே. உப்பு வார்ற பலகை தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“வேற பலகை செய்வோம்.”

“குத்தகைப் பத்திரம் தொலைஞ்சா?”

“அதான் வம்பு.”

சிடி என்பது பலகை. எந்தக் கணினியிலும் புதிதாகச் செய்துகொள்ளலாம். விண்டோஸைப் பொறுத்தவரை பத்திரம் என்பது 25 எழுத்துகள், எண்கள் கொண்ட உரிமக் குறியீடு. ஐந்தைந்தாக ஐந்து தொகுதி. விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினியைத் திருப்பிப் போட்டால் அடியில் ஒரு ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அண்ணன் மெஷினைத் திருப்பினேன். மடியில் வைத்து வைத்துத் தேய்ந்து, முதல் இரண்டு தொகுதி மட்டும்தான் தெரிந்தது. மிச்சத்தைக் கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து எழுத்துக் கூட்டினோம். பி-யா 8-ஆ என்பதிலேயே ஒரு டீ ஆறிப்போனது. 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல், நிறுவனங்கள் விண்டோஸ் போட்டே விற்கும் கணினிகளில் இந்தக் குறியீட்டைத் தாய்ப்பலகையின் சில்லிலேயே பதித்து விடுகிறார்கள். அதே பதிப்பை மறுபடி போட்டால் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

வெளியே தேடுமுன் உள்ளேயும் பார்க்க வேண்டும். ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்ப, ஹார்டு டிஸ்கில் ஒரு மூலையை ஒதுக்கி மீட்பு நகல் வைப்பது பல நிறுவனங்களின் வழக்கம். ஆன் செய்தவுடன் ஏசரில் ஆல்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும், எச்பி-யில் எஃப்11, லெனோவோ சிலவற்றில் குண்டூசி நுழைகிற ஒரு சின்னப் பொத்தான். ஆனால் எச்சரிக்கை: ஆலை நிலைக்குத் திரும்பினால் நீங்கள் சேர்த்தது எல்லாம் அழியும். அண்ணனுடையதில் அந்த மூலையை யாரோ எப்போதோ அழித்திருந்தார்கள்.

அடுத்த வழி பென் டிரைவ். பழுதில்லாத வேறொரு கணினி வேண்டும், 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டையும் மைக்ரோசாஃப்ட் தன் தளத்திலேயே காசில்லாமல் தருகிறது, காசு உரிமத்துக்குத்தான். அங்கே கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் பென் டிரைவைத் துடைத்து, நிறுவும் டிரைவாக மாற்றித் தரும். அதில் கல்யாண போட்டோ இருந்தால் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். லினக்ஸ் என்றால் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் போன்ற சிறு மென்பொருளால் எழுத வேண்டும். வெறுமனே காப்பி பண்ணி ஒட்டினால் பெரும்பாலும் பூட் ஆகாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

பிறகு பென் டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் பூட் மெனுவைத் திறக்க வேண்டும். டெல், லெனோவோவில் பொதுவாக எஃப்12, எச்பி-யில் எஃப்9. பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அண்ணன் விஷயத்தில் ஒரு முடிச்சு இருந்தது. விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14இல் நிறுத்திவிட்டது. அதை இப்போது முன்பின் தெரியாத தளங்களில் இறக்கினால் கூடவே என்ன வரும் என்று சொல்ல முடியாது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 கடைசி நாள். விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. அண்ணன் மெஷினில் ரேம் 2 ஜிபி, சில்லு கிடையாது. பத்திரம் கையில் இருந்தும், அந்த நிலத்தில் இனி காவல் இல்லை.

அதனால் லினக்ஸ் மின்ட்டின் லேசான பதிப்பைப் போடலாம் என்றேன். 2 ஜிபி இருந்தால் ஓடும், உரிமக் குறியீடு என்ற பேச்சே இல்லை. உபுண்டு லினக்ஸ் 2005 முதல் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலில் இலவசமாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. தட்டுக்கு மதிப்பில்லை என்பதை அப்போதே சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைத்தார். “அதெல்லாம் சரி தம்பி. உள்ள மூணு வருஷ லோடு கணக்கு இருக்குதே? எந்த லாரிக்கு எத்தினி மூட்டை, யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அதுலதான்.”

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நான்தான் சிடியிலேயே நின்றுவிட்டேன்.

ஓஎஸ் போனால் கோப்புகள் போவதில்லை. ஃபார்மட் அடித்தால்தான் போகும். லினக்ஸ் பென் டிரைவுக்கு ஒரு குணம் உண்டு. கணினியில் எதையும் நிறுவாமல், டிரைவிலிருந்தே முழு இயங்குதளமாக ஓடும். அன்று சாயங்காலம் வீட்டில் அப்படித்தான் திறந்தோம். முதல் தடவை திரையே வரவில்லை. பின்மூடியைக் கழற்றி ரேமை எடுத்துப் பார்த்தால் அதன் தங்கநிறப் பற்கள் மங்கிக் கிடந்தன. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி செருகினேன். எழுந்துகொண்டது. கடலோரத்தில் ஓஎஸ் போச்சு என்று சொல்லப்படும் கேஸ்களில் இதையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று தட்டும் சத்தம் கேட்டால் மட்டும் எதையும் நிறுவாதீர்கள். முதல் காரியம் கோப்பை மீட்பதுதான்.

லோடு கணக்கு ஒரு கோப்புறையில் பத்திரமாக இருந்தது. வேறு பென் டிரைவில் ஒரு நகல், மகளின் மின்னஞ்சலுக்கு ஒரு நகல். அதற்கப்புறம்தான் லினக்ஸை நிறுவினேன்.

இயங்குதளம் உலகம் முழுக்கக் கிடைக்கும். உங்கள் பாக்கிக் கணக்கு உங்கள் மெஷினில் மட்டும்தான் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் மடிக்கணினியைத் திருப்பிப் போட்டு, ஸ்டிக்கர் இருந்தால் அழியுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் இன்றே ஒரு நகல் வையுங்கள். சிடி மட்டும் கொல்லையிலேயே தொங்கட்டும், காக்காயாவது பயப்படும்.