கைமாறி வரும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மாதக் கடைசியில் உணவு விடுதிக் கட்டணத்திற்கே விரல் மடக்கும் நம் போன்ற மாணவர்க்குப் புத்தம் புதிய உயர்தர ஸ்பீக்கர் எட்டாக் கனியே. ஆயினும் அதே ஸ்பீக்கர் பத்து, இருபது ஆண்டுகள் உழைத்தபின் கைமாறி வருங்கால் அதன் விலை பெரிதும் இறங்கிவிடுகிறது. வேலை மாற்றம் பெற்றுத் தலைநகரை விட்டுச் செல்வோர் விற்றுச் செல்லும் ஒலிக்கருவிகள் பல. ஊரை விட்டு வந்து ஒற்றை அறையில் வாழும் தமிழ் மாணவன், ஒரு நாகசுரத்தையோ வீணையையோ அதன் இயல்பான குரலில் கேட்க விழைந்து அவற்றை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் ஆராயாது வாங்கினால் ஓராண்டுச் சேமிப்பு ஒரே மாலையில் வீணாகும். திருப்பிக் கொடுக்கலாம் என்று போனால் விற்றவரோ ஊரிலேயே இருக்கமாட்டார். ஆகவே எவற்றை ஆராயவேண்டும் என்பதைக் காண்போம்.

ஸ்பீக்கரை நாம் ஒலிபெருக்கி என்று அழைத்தாலும், பெருக்குவது அதன் தொழிலன்று. அது ஆம்ப்ளிஃபயரின் தொழில். மின்னலையை ஒலியலையாக மாற்றுவதே ஸ்பீக்கரின் வேலை. காந்தப் புலத்தில் அமைந்த கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுகிறது. ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருவர் 1925-ல் விளக்கி வெளியிட்ட இவ்வமைப்பே இன்றும் பெரும்பாலான ஸ்பீக்கர்களின் அடிப்படை. எனவே, தன்னை இயக்கும் ஆம்ப்ளிஃபயரோடும் தான் ஒலிக்கும் அறையோடும் பொருந்தினால்தான் ஸ்பீக்கர் சிறக்கும்.

முதலில் ஆம்ப்ளிஃபயரைக் கவனிப்போம். 1 வாட் மின்திறன் தந்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்பதே ஸ்பீக்கரின் உணர்திறன். இதில் 3 டெசிபல் குறைந்தால், அதே ஒலியளவிற்கு இருமடங்கு மின்திறன் வேண்டும். 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் போதும் இடத்தில், 83 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட் தேவைப்படும். அடுத்தது மின்மறுப்பு. 4 ஓம் ஸ்பீக்கர் 8 ஓம் ஸ்பீக்கரைவிட அதிக மின்னோட்டத்தை இழுக்கும். உங்கள் ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் 8 ஓமுக்குக் குறையலாகாது என எழுதியிருந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுக. இல்லையேல் ஆம்ப்ளிஃபயர் சூடேறிக் கெடக்கூடும்.

இனி அறை. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர். 12 அடி நீள அறையில், அதாவது 3.66 மீட்டரில், இரு சுவர்களுக்கிடையே ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நிலையலை தோன்றும். 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெரிய ஸ்பீக்கரை அங்கே வைத்தால் அந்த ஒரு சுரம் மட்டும் குமுறி எழுந்து, மிருதங்கத்தின் தொப்பி நாதத்தைக் குழப்பிவிடும். சிறு அறைக்குச் சிறு ஸ்பீக்கரே சிறப்பு.

இதற்கு இரு எடுத்துக்காட்டுகள் உண்டு. 1970-களில் பி.பி.சி. நிறுவனம் தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைத்துக் கேட்பதற்கென உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ ஒரு சின்னஞ்சிறு பெட்டி. பேச்சுக் குரலைத் தெளிவாகத் தருவதில் பேர் பெற்றது. ஆழ்ந்த ஒலிகளைத் தராது. உணர்திறனோ ஏறக்குறைய 83 டெசிபலே. 1946-ல் வந்த அமெரிக்கக் கிளிப்ஷ்ஹார்ன், ஒரு பெரிய பெட்டி. அறையின் மூலைகளில் நிற்கவேண்டியது. உணர்திறன் 100 டெசிபலையும் தாண்டும். அதே ஒலியளவிற்கு முன்னது பின்னதைப்போல் 50 மடங்குக்குக் குறையாத மின்திறன் கேட்கும். இரண்டுமே புகழ் பெற்றவை. ஆயினும் ஒன்றன் இடத்தில் மற்றதை வைத்தால் இரண்டும் ஏமாற்றமே தரும்.

பொருத்தம் கண்டபின் முதுமையைச் சோதிக்கவேண்டும். முன்மூடியைக் கழற்றிக் கூம்பின் விளிம்பு வளையத்தைப் பாருங்கள். அது நுரைப்பொருளாயின் 15, 20 ஆண்டுகளில் உளுத்துப் பொடியும். ரப்பர் வளையம் நெடுநாள் உழைக்கும். பொடிந்த வளையத்தை மாற்ற இயலும். அச்செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பிறகு கூம்பை இரு பக்கமும் விரல் வைத்துச் சீராக, மெல்ல அழுத்துங்கள். உராயும் ஓசை கேட்டால் சுருள் கோணிவிட்டது என்று பொருள், அதனை வாங்கற்க. மல்ட்டிமீட்டர் கொண்டு அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 ஓம் காட்டும். இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டவேண்டும். மென்மையாக ஒலிக்கவிட்டு ஒவ்வொரு ட்வீட்டரின் அருகிலும் காதை வையுங்கள். அளவு மீறி முடுக்கப்பட்ட பெட்டிகளில் முதலில் மடிவது பெரும்பாலும் ட்வீட்டரே.

இறுதிச் சோதனை செவிக்கே உரியது. நூறு முறை கேட்டுப் பழகிய ஒரு பாட்டை உடன் கொண்டு செல்லுங்கள். இரு பெட்டிகளையும் சற்றே இடைவெளி விட்டு வைத்து, இரண்டிலும் ஒரே ஒலியை மோனோவாக விடுங்கள். நடுவில் அமர்ந்தால் பாடகரின் குரல் இரண்டுக்கும் நட்டநடுவே எழவேண்டும். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு பெட்டியில் ஏதோ கெட்டிருக்கிறது, அல்லது மாற்றப்பட்டிருக்கிறது. நடுவே எழாமல் அங்குமிங்கும் கலைந்து கேட்டால் ஒரு பெட்டியின் கம்பிகள் நேர், எதிர் மாறியிருக்கலாம். அதைத் திருப்பி இணைத்து மீண்டும் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

விற்பவர் அவசரப்படுத்தினால் பணப்பையைத் திறவாமல் வந்துவிடுங்கள். ஸ்பீக்கர் இன்னொரு நாள் கிடைக்கும். நாம் வாயைக் கட்டிச் சேர்த்த பணம் அவ்வளவு எளிதில் திரும்பாது. பேரைக் கேட்டு மயங்காது, ஆம்ப்ளிஃபயருக்கும் அறைக்கும் இசைந்ததைச் செவியால் கேட்டு வாங்குக.